பக்கத்துக் கடையையும் பார்த்துக் கணக்குப் போடுவோம்

"கூலியைக் கூட்டினால் ஆளைக் குறைக்க வேண்டி வரும்" என வர்த்தக நண்பர்கள் சொல்வதை நான் அடிக்கடி கேட்கிறேன். நியாயமான பேச்சாகவே தெரிகிறது. ஆனால் அது உண்மைதானா என எப்படிக் கண்டறிவது? பொருளியலாளர்கள் கையாளும் ஒரு வழியை இவ்வாரம் விளக்க விரும்புகிறேன். அது நமது வியாபாரத்துக்கும் உதவும்.

1992 ஏப்ரல் முதலாம் திகதி அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணித்தியாலத்துக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 டொலராக உயர்த்தியது. எல்லைக்கு அப்பாலுள்ள பென்சில்வேனியாவில் 4.25 டொலரே நீடித்தது. டேவிட் கார்ட், அலன் குரூகர் ஆகிய இரு பொருளியலாளர்கள் இரு பக்கத்திலும் 410 துரித உணவுக் கடைகளைத் தெரிவு செய்தனர். உயர்வுக்கு முன்னர் ஒரு தடவையும் அவ்வருட இறுதியில் மறு தடவையும் அதே கடைகளின் ஆட்கணக்கை எடுத்தனர். இடையில் மூடப்பட்ட கடைகளையும் விட்டுவிடவில்லை. அவற்றில் ஆள் பூச்சியம் எனக் கணக்கிட்டனர். தப்பிப் பிழைத்த கடைகளை மட்டும் விசாரித்தால் நட்டப்பட்டவன் கணக்கில் வரமாட்டான் அல்லவா?

நியூ ஜேர்சியில் ஒரு கடையின் சராசரி ஆட்தொகை 20.4 இலிருந்து 21.0 ஆனது. பென்சில்வேனியாவிலோ 23.3 இலிருந்து 21.2 ஆகக் குறைந்தது. கூலி ஏறிய பக்கத்தில் வேலை குறையவில்லை. ஆனால் அங்கு சாப்பாட்டின் விலை மற்றப் பக்கத்தை விட ஏறக்குறைய 4 வீதம் கூடுதலாக ஏறியது.

ஒரே கடையைத் திரும்பத் திரும்பப் பார்த்து எழுதும் கணக்கைப் 'பெனல்' தரவு என்பர். எந்த இடம், அதன் அயல் எது என்பதையும் சேர்த்துப் பார்ப்பது இடஞ்சார் ஆய்வு.

சுகாதாரத்தில் இம்முறை இன்னும் பழையது. லண்டனில் இரு கம்பனிகள் ஒரே தெருக்களுக்குக் குழாய்நீர் வழங்கின. லம்பெத் கம்பனி 1852இல் நீர் எடுக்கும் இடத்தைத் தேம்ஸ் நதியின் மேற்பகுதிக்கு மாற்றியது. மற்றது கழிவு கலந்த நீரையே தொடர்ந்து எடுத்தது. 1854 கொலராவின்போது மருத்துவர் ஜோன் ஸ்னோ மரணங்களை எண்ணினார். 10,000 வீடுகளுக்கு லம்பெத் நீரில் 37, மற்றதில் 315.

கூலி விவாதம் இன்னும் ஓயவில்லை. 2000இல் நியூமார்க், வாஷர் இருவரும் சம்பளப் பதிவேடுகளைக் காட்டி, நியூ ஜேர்சியில் வேலை குறைந்தது என மறுத்தனர். 2010இல் துபே, லெஸ்டர், ரைக் ஆகியோர் மாநில எல்லைகளின் இருபுறமும் ஒட்டிக் கிடந்த பிரதேசங்களைச் சோடி சோடியாக 1990 முதல் 2006 வரை ஒப்பிட்டு, உணவகங்களில் வேலையிழப்புத் தென்படவில்லை என்றனர். கார்ட்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

இலங்கையில் 2016இல் சட்டம் மாதத்துக்கு 10,000 ரூபாவைக் குறைந்தபட்சச் சம்பளமாக்கியது. அச்சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே. எல்லையில் நின்று ஒப்பிட முடியாது. அதற்கும் வழியுண்டு. ஏற்கெனவே கூடுதலாகக் கொடுத்த கடைகளைச் சட்டம் தொடாது. குறைவாகக் கொடுத்தவற்றையே தொடும். இவ்விரண்டையும் முன்னும் பின்னும் ஒப்பிடலாம். கார்ட்டும் குரூகரும் நியூ ஜேர்சிக்குள்ளேயே இதையும் செய்து பார்த்தனர்.

நமது கடைக்கு வருவோம். விலைக் கழிவு கொடுத்தீர்கள், விற்பனை கூடியது. கழிவால் கூடியதா? பெருநாள் வருடாவருடம் ஏறக்குறைய 11 நாட்கள் முன்னால் வருகிறது. ஆகவே சென்ற வருட அதே மாதத்தோடு ஒப்பிட்டால் ஏமாறுவோம். கழிவு கொடுக்காத உங்கள் இன்னொரு கிளையின் ஏற்ற இறக்கத்தையும் பாருங்கள். இரண்டும் முன்பு ஒரே போக்கில் சென்றிருக்க வேண்டும். அடுத்த தெருக் கிளையானால் கவனம்: அதன் வாடிக்கையாளரே இங்கு வந்திருக்கலாம். அங்கு குறைந்ததும் இங்கு கூடியதும் ஒரே காசுதான்.

ஆளை நிறுத்துவது ஒரு குடும்பத்தின் அடுப்போடு சம்பந்தப்பட்டது. அதற்கு முன் கணக்கேட்டை இப்படியொரு தடவை புரட்டிப் பாருங்கள்.