"பரவாயில்லை" என்று எழுதினேன்



நான் செய்த ஒரு பிழையைச் சொல்லித் தொடங்குகிறேன். கிறிஸ்மஸ் பாடல் பயிற்சி நாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பாடகர் குழுவிலுள்ள ஒரு தங்கை, "அண்ணா, நாளைக்குப் பரீட்சை. இன்றைக்கு வர முடியாது" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள். நான் நாற்காலிகளை அடுக்கியபடியே, "நீ வராவிட்டாலும் பரவாயில்லை" என்று பதில் அனுப்பினேன். நிம்மதியாகப் படி என்பதுதான் என் எண்ணம்.

அடுத்த மூன்று வாரம் அவள் வரவில்லை. "நான் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான் என்று அண்ணா நினைக்கிறார்" என வீட்டில் அழுதாளாம். அவளுடைய அம்மா சொன்ன பிறகே எனக்குத் தெரிந்தது. எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அவள் எடுத்துக்கொண்ட பொருளும் அதில் இருக்கத்தான் செய்தது. நேரில் சொல்லியிருந்தால் குரலில் அன்பு தெரிந்திருக்கும். போனது வெறும் எழுத்து.

கேட்பவர் காதில் சொல் எப்படி விழும் என்று யோசிப்பதை, நமக்கு வேதாகமத்தைத் தமிழில் தந்தவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. பின்னர் சென்னையில் ஊழியம் செய்த பப்ரிசியஸ், தம் மொழிபெயர்ப்பைத் தமிழர்களுக்கு வாசித்துக் காட்டி, புரிகிறதா என்று கேட்டுக் கேட்டுத் திருத்தினார். அவருடைய புதிய ஏற்பாடு 1772-இல் வெளிவந்தது. கர்த்தரைப் பற்றிப் பேச எந்தச் சொல் தகும் என்பதிலும் இந்தக் கவனம் தொடர்ந்தது. சீகன்பால்க் 'சருவேசுரன்' என்றார். பப்ரிசியஸ் 'பராபரன்' என்றார். 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. இன்றும் நம் சபைகளில் வாசிக்கப்படுவது அந்தச் சொல்தான்.

ஒரு சொல்லுக்காகத் தலைமுறை தலைமுறையாக யோசித்திருக்கிறார்கள். நானோ ஒரு பதிலுக்கு ஐந்து விநாடிகூட யோசிக்கவில்லை.

கேட்பதற்கு விரைவும் பேசுவதற்கு நிதானமும் வேண்டும் என்று யாக்கோபு 1:19 நமக்குக் கற்பிக்கிறது. கைபேசியில் எழுதுவதும் பேச்சுதான். ஆகவே அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் குரலில் அல்ல, மனம் சோர்ந்திருக்கும் ஒருவர் வாசிப்பதுபோல வாசியுங்கள். கோபத்தில் எழுதியதைக் காலைவரை வைத்திருங்கள். முக்கியமான விஷயமானால் எழுதாமல் அழைத்துப் பேசுங்கள்.

அந்தத் தங்கையின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணா" என்றாள். உண்மைதான். "நீ இல்லாதது எங்களுக்குக் குறைதான். இன்றைக்கு நன்றாகப் படி, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று எழுத எனக்கு இன்னும் அரை நிமிடம்தான் ஆகியிருக்கும்.

நீங்களும் இந்த வாரம் அனுப்பியவற்றை ஒருமுறை திரும்பப் பாருங்கள். யாருக்காவது ஒரு பதிலைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறதா? இன்றே எழுதுங்கள்.