கடைக்குக் கொண்டுபோக முன்: இணையத்தோடு சேராத மடிக்கணினி

குடாநாட்டுக் கிராமங்களில் மடிக்கணினி இன்று ஆடம்பரப் பொருள் அல்ல. 2020 மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது படிப்பு இணையத்துக்கு மாறியது. பாடசாலைகள் மீண்டும் திறந்த பின்னரும் இணையத்தின் தேவை குறையவில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பமும் இன்று இணையத்தின் ஊடாகவே அனுப்பப்படுகிறது. வெளிநாட்டு உறவினர் அனுப்பியதாயினும், சீட்டுக் காசில் வாங்கியதாயினும், வீட்டிலுள்ள அந்த ஒரு கணினி இணையத்தோடு சேர மறுத்தால் ஒரு பிள்ளையின் படிப்பு அன்றே தடைப்படுகிறது.

அப்போது என்ன செய்கிறோம்? ஒரு நாள் வேலையை விட்டு, கணினியைப் பையில் வைத்து, பஸ் ஏறி நகரத்துக்குப் போகிறோம். கடையில் திறந்தவுடன் அது நன்றாக வேலை செய்கிறது. "பழுது ஒன்றும் இல்லை" என்கிறார்கள். அல்லது "இது பழசு, புதிது வாங்குங்கள்" என்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் மீண்டும் பழைய கதைதான். காரணம் எளிது. பழுது வீட்டில் இருக்க, நாம் கணினியை மட்டும் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறோம். ஆகவே செலவுக்கு முன்னர் பழுது எங்கே என்று அறிவதே முதல் வேலை. அதற்கு அரை மணி நேரமும் ஒரு கைத்தொலைபேசியும் போதும்.

வழியை மூன்றாகப் பிரியுங்கள்

தோட்டத்துக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நமது விவசாயி உடனே புது இயந்திரம் வாங்க ஓடுவதில்லை. கிணற்றில் நீர் உண்டா, குழாய் வெடித்திருக்கிறதா, இயந்திரம் இழுக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இணையத்துக்கும் அதே முறைதான். கம்பனியிலிருந்து வீட்டிலுள்ள றவுட்டர் வரை முதல் துண்டு. றவுட்டரிலிருந்து காற்று வழியே கணினி வரை இரண்டாம் துண்டு. கணினியின் உட்புறம் மூன்றாம் துண்டு.

இனி இரண்டு சோதனைகள். முதலாவது, கைத்தொலைபேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு அதை வீட்டு வைஃபையில் இணையுங்கள். டேட்டாவை நிறுத்தாவிட்டால் சோதனை பொய் சொல்லும். தொலைபேசியிலும் இணையம் வராவிட்டால் குறை பெரும்பாலும் முதல் துண்டில். கணினியைத் தொடவே வேண்டாம். தொலைபேசியில் வந்தால் இரண்டாவது சோதனைக்குப் போகலாம். டேட்டாவைத் திரும்பப் போட்டு, தொலைபேசியில் ஹொட்ஸ்பொட்டைத் திறந்து, கணினியை அதனோடு சேருங்கள். சேர்ந்தால் கணினியின் வைஃபை நலமாயிருக்கிறது. குறை அதற்கும் றவுட்டருக்கும் இடையில். அதிலும் சேராவிட்டால் குறை கணினியின் உள்ளே.

முதல் துண்டு: றவுட்டரும் கம்பனியும்

றவுட்டரின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் சிவப்பு விளக்கு மினுங்கினால் பெரும்பாலும் வெளியே நார் அறுந்திருக்கும் அல்லது வளைந்திருக்கும். அதைக் கம்பனிதான் திருத்த வேண்டும். சிம் அட்டை போட்ட 4ஜி கருவியானால் அதை யன்னலோரம் உயரமாக வைத்துப் பாருங்கள். மாதாந்தப் பொதியின் அளவு முடிந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். அளவு முடிந்தாலும் வைஃபைக் குறி முழுமையாகவே நிற்கும்.

பின்னர் றவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் போடுங்கள். ஆனால் பின்புறத்திலுள்ள சிறு துவாரத்துக்குள் ஊசியை விட்டு அழுத்த வேண்டாம். அது கருவியின் அமைப்புகளை அழித்துவிடும். பிறகு கம்பனியின் உதவியின்றி இணையம் வராமற் போகலாம்.

இரண்டாம் துண்டு: காற்று வழி

றவுட்டர்கள் பல இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன: 2.4 கிகாஹேட்ஸ், 5 கிகாஹேட்ஸ். இரண்டாவது வேகமானது, ஆனால் சுவரைத் தாண்ட அதற்குப் பலம் குறைவு. நமது பழைய கல்வீடுகளின் தடித்த சுண்ணக்கற் சுவர்கள் அதை எளிதில் மறித்துவிடும். பழைய கணினிகள் சிலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். அவற்றில் 5இன் பெயர் பட்டியலிலேயே தோன்றாது. எனவே கணினியை றவுட்டரின் அருகே கொண்டுபோய், 2.4இன் பெயரைத் தெரிந்து இணைத்துப் பாருங்கள்.

கடவுச்சொல்லை யாராவது மாற்றியிருந்தால் கணினி பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். கணினியில் வைஃபையின் பெயருக்கு நேரே 'ஃபர்கெட்' என்பதை அழுத்தி, கடவுச்சொல்லைப் புதிதாகக் கொடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு முக்கியம். சரியான சொல்லையும் ஏற்க மறுத்தால் றவுட்டரின் பாதுகாப்பு முறையைப் பார்க்க வேண்டும். டபிள்யூபிஏ3 என்னும் முறை 2018இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய கணினிகள் பலவற்றுக்கு அது விளங்காது. றவுட்டரில் டபிள்யூபிஏ2உம் சேர்ந்த முறையைத் தெரிவு செய்தால் போதும்.

'இணைந்தது, ஆனால் இணையம் இல்லை' என்று காட்டினால் கணினியின் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால் றவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்பது பொருள். இரண்டையும் நிறுத்திப் போட்டால் பலமுறை சரியாகிவிடும்.

மூன்றாம் துண்டு: கணினியின் உள்ளே

'ஏர்பிளேன் மோட்' தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில கணினிகளின் பக்கவாட்டில் வைஃபைக்கெனத் தனி ஆளியும் உண்டு. அடுத்து, திகதியையும் நேரத்தையும் பாருங்கள். நெடுநாள் மூடிக்கிடந்த கணினியின் உள் பற்றரி இறந்து, ஆண்டு பின்னோக்கிப் போயிருந்தால், வைஃபை இணைந்தும் பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும்.

வைஃபை என்ற சொல்லே திரையில் காணாமற் போயிருந்தால், அதை இயக்கும் டிறைவர் என்னும் மென்பொருள் பழுதாகியிருக்கலாம். தொலைபேசியை யூஎஸ்பி வயரால் கணினியோடு இணைத்து, 'யூஎஸ்பி டெதரிங்' என்பதைத் திறந்தால் வைஃபை இல்லாமலே இணையம் கிடைக்கும். அதைக் கொண்டு, கணினியைச் செய்த கம்பனியின் தளத்திலிருந்து டிறைவரை இறக்கிப் போடலாம். உள்ளேயுள்ள வைஃபை அட்டையே இறந்திருந்தாலும் கணினி வீணாகவில்லை. பெருவிரல் அளவிலான ஒரு யூஎஸ்பி வைஃபைக் கருவி அந்த வேலையைச் செய்யும். அதன் விலை புதுக் கணினியின் விலையில் மிகச் சிறு பங்குதான்.

எழுதி வையுங்கள், சொல்லிக் கொடுங்கள்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. இவ்வளவும் செய்தும் சரிவராவிட்டால் கடைக்குப் போகலாம். ஆனால் வெறுங்கையோடு அல்ல. "வீட்டு வைஃபையில் தொலைபேசி சேருகிறது, ஹொட்ஸ்பொட்டில் கணினி சேரவில்லை" என்று சொல்லக்கூடியவரைத் தேவையற்ற செலவுக்குள் தள்ளுவது எளிதல்ல.

1990களில் மின்சாரம் இல்லாத குடாநாட்டில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட மக்கள் நாம். மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய மக்கள் நாம். அன்று அந்த அறிவு ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போயிற்று. இன்றும் அப்படியே போகலாம். ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் இந்த இரண்டு சோதனைகளையும் தெரிந்த இளைஞர், யுவதிகள் இருவர் இருக்கட்டும்; ஒரு யூஎஸ்பி வயரும் ஒரு வைஃபைக் கருவியும் இரவல் கொடுக்க இருக்கட்டும். தாய்மாரும் இதைப் பழகட்டும். பரீட்சைக்கு முந்திய இரவில் இணையம் நின்றால், நகரத்துக்கான கடைசி பஸ் போய்விட்டதே என்று அந்த வீடு கலங்க வேண்டியிராது.