பிணை நின்ற பெருமானாரும் பிணைப்பட்ட இருளரும்

முன்னுரை

தமிழில் ‘பிணை’ என்னும் சொல் பொருள் வளம் மிக்கது. பெண்மானுக்குப் பிணை என்பது பெயர். ஒருவர்க்காக மற்றொருவர் பொறுப்பேற்று நிற்றலும் பிணை. கட்டுதல் என்னும் வினைக்கும் அச்சொல்லே வழங்கும். இம்மூன்று பொருளும் ஓரிடத்தில் கூடிவரும் அரிய கதையொன்றை உமறுப் புலவர் சீறாப்புராணத்து நுபுவ்வத்துக் காண்டத்தில் ‘மானுக்குப் பிணைநின்ற படலம்’ என அமைத்துள்ளார். அக்கதையின் உட்பொருளைத் துணையாகக் கொண்டு, உத்திரமேரூர் உள்ளிட்ட காஞ்சிபுரம் வட்டாரச் சிற்றூர்களில் வாழும் இருளர் மக்களின் வாழ்வை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பிறந்த மண்ணிலேயே அயலாராக நடத்தப்படுவோர் இவர். ஊராரின் ஐயப்பார்வை, வறுமை, குடும்பப் பிரிவு ஆகிய துயரங்கள் எவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன என்பதை அறிந்தால், அவற்றைக் களையும் பணியை எங்குத் தொடங்குவது என்பதும் புலனாகும்.

படலம் கூறும் கதை

வேடன் ஒருவன் வலையில் பெண்மான் ஒன்று அகப்பட்டது. அவ்வழியே வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அது தன் துயரைச் சொல்லியது. கன்று பசியால் வாடுகிறது. சென்று பாலூட்டி மீள்வேன் என வேண்டியது. வேடன் நம்பவில்லை. கைக்கு வந்த இரையை விடுவார் உண்டோ என்றான். அப்போது நாயகம் (ஸல்) அவர்கள் மானுக்காகத் தாமே பிணை நின்றார்கள். கட்டவிழ்ந்த மான் கானகம் சென்று கன்றைக் கண்டது, பாலூட்டியது, இனத்தார் தடுத்தும் கேளாது சொன்ன சொல் தவறாமல் திரும்பி வந்தது. வேடன் நெஞ்சம் உருகித் தீன் வழி ஏற்றான். மான் விடுதலை பெற்றது.

இக்கதையை நாம் பெரும்பாலும் அற்புதச் செயலாகவே படித்து வருகிறோம். அதில் வாழ்வியல் உண்மையும் உண்டு. பிடிபட்டது தாய்; துன்புற்றது கன்று. ஓருயிரைக் கட்டினால் ஒரு குடும்பமே கட்டுண்ணும் என்பதைப் புலவர் நுட்பமாக உணர்த்துகிறார். மேலும், நாயகம் (ஸல்) அவர்கள் வேடனுக்குப் பொருள் கொடுத்து மானை வாங்கவில்லை. நம்பப்படாத ஓர் உயிரின் சொல்லுக்குத் தம் சொல்லைத் துணை நிறுத்தினார்கள். பிணை நிற்றல் என்பதன் முழுப்பொருள் அதுவே.

குடவோலை ஊரும் மனையில்லா மக்களும்

உத்திரமேரூர் என்றவுடன் நினைவுக்கு வருவது குடவோலை முறை. முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் உள்ளன. 30 குடும்புகளாகப் பிரிந்த ஊர், ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு வாரியப் பெருமக்களைத் தேர்ந்த முறையை அவை விரித்துரைக்கின்றன. ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்ற பகுப்பும், கணக்குக் காட்டாதாரை விலக்கிய கண்டிப்பும் இன்றும் வியக்கத்தக்கன.

ஆயினும் அக்கல்வெட்டு ஒரு வேலியையும் காட்டுகிறது. அது பிராமணர்க்குரிய சதுர்வேதிமங்கலத்துச் சபை. உறுப்பினராக விரும்புவோர்க்கு இறை செலுத்தும் கால்வேலி நிலத்திற்கு மேல் இருத்தல் வேண்டும். தம் மனையில் தாமே கட்டிய வீட்டில் குடியிருத்தல் வேண்டும். வேதம் கற்றிருத்தல் வேண்டும். அகவை 35க்கு மேல் 70க்குள் அமைதல் வேண்டும். நிலமும் மனையும் இல்லாதார் பெயர் குடத்தினுள் புகவே வழியில்லை.

இன்று வாக்குரிமை எல்லார்க்கும் பொது. எனினும் ‘மனை உண்டா?’ என்னும் அப்பழைய வினா வேறு வடிவில் வாழ்கிறது. வீட்டுமனைப் பட்டா உண்டா, குடும்ப அட்டை உண்டா, சாதிச் சான்று உண்டா என்பனவே இன்றைய வினாக்கள். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசையிட்டு வாழும் இருளர் பலர் இவ்வினாக்களுக்கு விடையின்றி நின்றவர். இன்றும் நிற்பவர் உளர்.

இருளர் யார்?

தமிழ்நாட்டுப் பழங்குடிகள் பட்டியலில் இருளர் இடம்பெற்றுள்ளனர். தொதவர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் சேர்த்து மிகவும் நலிந்த பழங்குடியினராகவும் இவர்களை அரசு வகைப்படுத்தியுள்ளது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இம்மாநிலத்தில் இருளர் தொகை 1,89,661 ஆகும். நீலகிரி, கோவை மலைச்சரிவுகளில் வாழ்வோர் ஒருசாரார். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பகுதிகளின் சமவெளியில் வாழ்வோர் மற்றொரு சாரார்.

சமவெளி இருளர் நெல்வயல்களில் எலி பிடிப்பவர். எலி தன் வளையில் சேர்த்த நெல்லைத் தோண்டி எடுப்பதும் உண்டு. இதனை இழிவாகப் பேசுவோர், எலி உண்டழிக்கும் விளைச்சலைக் காத்தவர் இவரே என்பதை எண்ணுவதில்லை. மூலிகை அறிவும், பாம்பின் தடமறிந்து பிடிக்கும் திறமும் இவர்க்கு வழிவழி வந்த செல்வங்கள். 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன்பின் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்புத்தோல் வாணிகத்தை நிறுத்தின. காட்டுயிர்க்கு நன்மையான அச்சட்டம் இவர்தம் பிழைப்பைப் பறித்தது. அந்நிலையில் 1978 இல், அந்நாளைய செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து, முறிமருந்து செய்வோர்க்கு அது வழங்கி வருகிறது. இச்சமூகத்து வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023 இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். நாட்டின் எங்கோ ஒரு மருத்துவமனையில் பாம்புக்கடியுற்றோர் உயிர் பிழைப்பதில் இருளர் கைகளுக்கும் பங்குண்டு.

அத்தகையோரே ஊரில் ஒரு பொருள் காணாமற்போனால் முதலில் ஐயுறப்படுவோர். நிலையான முகவரி இல்லாதவரைக் கள்வரென எண்ணுவது ஊராரின் பழைய நோய். முகவரியற்றோர்க்காகப் பேசவும் ஆளில்லை என்பது அந்நோயின் அடுத்த நிலை.

முன்பணம் என்னும் வலை

மனையில்லை, வேட்டையும் இல்லை, வேளாண்மைக் கூலி ஆண்டு முழுதும் கிடைப்பதில்லை. இந்நிலையில் மருத்துவம், திருமணம், இறப்பு எனச் செலவு வருங்கால் முன்பணம் தருவோர் வருகின்றனர். செங்கற்சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் களம் ஆகியவற்றில் உழைத்துக் கழித்துவிடலாம் என்பது பேச்சு. கணக்கு முதலாளியின் கையில். எழுத்தறியாதார்க்கு அதனைச் சரிபார்க்க வழியில்லை. வாரந்தோறும் உணவுச் செலவுக்குத் தருவது கடனில் ஏறும். உழைப்பு கடனில் குறையாது. சிறுதொகை ஆண்டுகள் பல கடந்தும் தீராக் கடனாய் நிற்கும்.

2019 ஜூலைத் திங்களில் காஞ்சிபுரத்தை அடுத்த கோனேரிக்குப்பத்திலும், அந்நாளைய வேலூர் மாவட்டத்துப் பருவமேட்டிலும் மரம் வெட்டும் களங்களிலிருந்து 42 பேரை வருவாய்த் துறையினர் மீட்டனர். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்து வணங்கிய படத்தை நாளிதழ்கள் வெளியிட்டன. அம்முதியவர் பட்ட கடன் ஓராயிரம் ரூபாய் என்றும் அவை எழுதின. மாவட்டத் தலைநகருக்கு அருகிலேயே இது நிகழ்ந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

குடும்பப் பிரிவு

‘கொத்தடிமை’ என்பதற்குக் குடும்பத்தோடு அடிமைப்படுதல் என்று பொருள். தந்தை வாங்கிய பணத்துக்குத் தாயும் மக்களும் உழைப்பர். உறவினர் இறப்புக்குச் செல்ல வேண்டுமாயின் ஒருவர் மட்டும் போகலாம்; ஏனையோர் இருக்க வேண்டும். சென்றவர் மீள்வதற்கு இருப்பவரே பிணை. படலத்தில் மானுக்காக ஒரு பெருமகனார் பிணை நின்றார். சூளையிலோ தாய்க்குக் கன்றே பிணையாகிறது.

முதியோர் ஊரில் தங்க, உழைப்போர் தொலைவில் இருப்பர். உடன் சென்ற பிள்ளைக்குப் பள்ளியில்லை. விட்டுச்சென்ற பிள்ளைக்குப் பெற்றோர் இல்லை. மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் இருளர் பல்லாயிரவர் கூடுகின்றனர். மணலில் சேலைகளால் கூடாரமிட்டுக் கன்னியம்மனை வழிபடுகின்றனர். திருமணங்கள் அங்கே உறுதி செய்யப்படுகின்றன. சிதறிய சுற்றம் ஒருசேர முகம் காணும் நாள் அது. கொத்தடிமைக் களத்தில் இருப்போர்க்கு அந்நாளும் வாய்ப்பதில்லை.

தமிழ்க் கதைகள் கண்ட துயர்

இத்துயர் தமிழ்க் கதையுலகுக்குப் புதிதன்று. புதுமைப்பித்தன் 1935 இல் எழுதிய ‘துன்பக்கேணி’, திருநெல்வேலிச் சீமைப் பெண் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் கதை. கணவன் சிறையில், மனைவி கடல் கடந்த தோட்டத்தில். பி.எச். டேனியல் 1969 இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய ‘எரியும் பனிக்காடு’, மேஸ்திரியின் முன்பணம் வால்பாறைத் தோட்டத் தொழிலாளரை எங்ஙனம் விலங்கிட்டது என்பதைக் காட்டுகிறது. 2021 இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ திரைப்படம் இருளர் இணையரின் கதையாக அமைந்தது. அதற்கு அடிப்படையான 1993 ஆம் ஆண்டு வழக்கில் உயிரிழந்தவர் குறவர் சமூகத்தவர். பெயர் மாறினும் ஐயுறப்படுவோர் நிலை ஒன்றே.

இக்கதைகள் மூன்றிலும் பொதுவானதொன்று உண்டு. துன்புறுவோர்க்கு ஊரில் சொத்தில்லை. அவர் சொல்லுக்குச் சான்றளிக்க ஒருவரும் இல்லை. கதை எழுதியோர் அச்சான்றை அளித்தனர். படிப்போர் கண்ணீரோடு நின்றுவிடின் அச்சான்று பாதிப்பயனே தரும்.

சட்டம் தரும் விடுதலை

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976 இல் இயற்றப்பட்டது. இதன்படி கொத்தடிமைக் கடன் முற்றும் அழிந்துபோகிறது. அதனைத் திருப்பித் தர வேண்டுவதில்லை. திரும்பப் பெறுவதே குற்றம். கடன் கொத்தடிமைக் கடன் அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பும் கடன் தந்தவரையே சாரும். மாவட்டத்திலும் உட்கோட்டத்திலும் கண்காணிப்புக் குழுக்கள் அமைதல் வேண்டும். மீட்கப்பட்டோர்க்கு விடுவிப்புச் சான்று வழங்கப்படும். 2016 ஆம் ஆண்டு நடுவண் அரசுத் திட்டப்படி ஆடவர்க்கு ஓர் இலட்சம், பெண்டிர்க்கும் குழந்தைகளுக்கும் இரண்டு இலட்சம், மிகக் கொடிய நிலையிலிருந்து மீண்டோர்க்கு மூன்று இலட்சம் ரூபாய் என மறுவாழ்வுத் தொகை வகுக்கப்பட்டது. உடனடி உதவி நீங்கலாக, ஏனைய தொகை குற்றவாளி தண்டனை பெறுவதோடு இணைக்கப்பட்டிருப்பதால் பலர்க்கு அது எட்டாமல் நிற்கிறது.

மீண்டவர் மறுபடியும் வலையில் வீழாதிருக்க வேண்டுவது மனையும் சான்றும். பழங்குடியினர் சாதிச் சான்றை வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர். பெற்றோர்க்குச் சான்றில்லையேல் பிள்ளைக்குக் கிடைப்பது அரிதாகிறது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடுகிறது. மாற்றமும் நிகழ்ந்து வருகிறது. உத்திரமேரூர் ஒன்றியத்து மலையாங்குளத்தில் அண்மை ஆண்டுகளில் இருளர் குடும்பங்களுக்கென அரசு வீடுகள் கட்டித் தந்துள்ளது. தம் மனையில் தம் வீடு என்ற பழைய தகுதி, குடவோலை கண்ட மண்ணில் இவர்க்கும் வாய்க்கத் தொடங்கியுள்ளது.

இஸ்லாம் காட்டும் நெறி

அயலாரை உறவாக்கிய வரலாறு நம் மார்க்கத்தில் நிரம்ப உண்டு. பாரசீகத்திலிருந்து மெய்ப்பொருள் தேடிப் புறப்பட்ட சல்மான் (ரலி) அவர்கள் தந்தையைப் பிரிந்தார். நாடுகள் பல கடந்தார். வழியில் வஞ்சிக்கப்பட்டு அடிமையாக விற்கப்பட்டார். 300 பேரீச்சங் கன்றுகளும் 40 ஊக்கியா பொன்னும் தந்தால் விடுதலை என உரிமையாளருடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. தோழர்கள் தத்தமக்கு இயன்ற அளவு கன்றுகளைக் கொணர்ந்தனர். நாயகம் (ஸல்) அவர்களே தம் திருக்கரத்தால் நட்டார்கள். பின்னர் அவரைத் தம் குடும்பத்தவர் என்றே கூறினார்கள். பிரிந்த குடும்பத்துக்கு ஈடாக ஒரு குடும்பம் கிடைத்தது.

திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் 60ஆம் வசனம் ஜகாத்துக்குரிய எட்டு வகையினரைக் குறிக்கிறது. அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட வேண்டியோர், கடன்பட்டோர், வழிப்போக்கர் ஆகியோர் அவ்வெண்மருள் அடங்குவர். ஜகாத் பெறுவோர் பற்றிய சட்ட நுணுக்கங்களை உலமாக்கள் விளக்குவர். பொதுத் தருமமாகிய சதக்காவை எச்சமயத்தார்க்கும் வழங்கத் தடையில்லை.

நாம் செய்யத்தக்கன

சல்மான் (ரலி) அவர்கள் காலத்தில் விடுதலைக்கு விலை இருந்தது. இன்று சட்டப்படி விலையே இல்லை. ஆகவே இரக்கத்தால் முதலாளிக்குப் பணம் தந்து ஒரு குடும்பத்தை மீட்க முயல்வது, இல்லாத கடனை உண்டென ஒப்புக்கொள்வதாகும். கோட்டாட்சியர்க்கோ மாவட்ட ஆட்சியர்க்கோ முறையாகத் தெரிவிப்பதே நேர்வழி. உதவும் பொருளை மீண்டோரின் வாழ்வுக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், மீண்டும் முன்பணம் வாங்கச் செய்யும் மருத்துவச் செலவுக்கும் பயன்படுத்துதல் நலம்.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் சிற்றூர்களில் முகாமிடும்போது, தெருவைத் தூய்மை செய்வதோடு இருளர் குடியிருப்புகளுக்கும் செல்லலாம். எவர்க்குக் குடும்ப அட்டை இல்லை, எப்பிள்ளைக்குச் சாதிச் சான்று இல்லை எனக் குறித்து மனு எழுதித் தரலாம். அம்மனுவோடு அலுவலகத்துக்குச் சமுதாயப் பெரியவர் ஒருவர் உடன் சென்றால் அதன் மதிப்பே வேறு. தமிழ் பயிலும் மாணவர் முதியோரிடம் மூலிகைப் பெயர்களையும் வாய்மொழிப் பாடல்களையும் கேட்டுத் தொகுத்தால், கேட்பவர் மாணவராகவும் சொல்பவர் ஆசிரியராகவும் அமையும் புதிய உறவு பிறக்கும்.

முடிவுரை

இருளர்க்கு நேரும் ஐயப்பார்வையும் வறுமையும் குடும்பப் பிரிவும் ஒரே கயிற்றின் முறுக்குகள். மனையும் சான்றும் இன்மையால் நம்பப்படார். நம்பப்படாமையால் கடனுக்கு முன்பணம் தருவோரையே நாடுவர். அம்முன்பணம் குடும்பத்தைப் பிரிக்கும். கயிற்றை அவிழ்க்கும் முனை முதலில் உள்ளது. அவர்தம் சொல்லுக்கு நம் சொல்லைத் துணை நிறுத்தி, அரசு தரக் கடமைப்பட்ட சான்றையும் மனையையும் பெற்றுத் தருதலே இன்று நாம் நிற்கத்தக்க பிணை. மானுக்குப் பிணைநின்ற படலத்தை வகுப்பில் பொருள் கூறிப் பயிலும் நமக்கு, அதனை ஊரில் செய்துகாட்டும் கடமையும் உண்டு.