தனியாவா போறீங்க?

வேலை விஷயமாக ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்குத் தனியாகப் போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதே ஆள் குற்றாலச் சாரலை அனுபவிக்கத் தனியாகக் கிளம்பட்டும், வீட்டில் தொடங்கி டீக்கடை வரை விசாரணைதான். "தனியாவா? வீட்ல ஏதும் சண்டையா?" வேலைக்காகத் தனியே போவது இயல்பு, சந்தோஷத்துக்காகத் தனியே போனால் அதில் ஏதோ கோளாறு என்று ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. இது நம்மூர்க் கணக்கு மட்டுமல்ல.

ரெபெக்கா ராட்னர், ரெபெக்கா ஹாமில்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் துருவிப் பார்த்தது. கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவது போன்ற காரியங்களைத் தனியாகச் செய்ய ஆட்களுக்குத் தயக்கமில்லை. சினிமா, ஓட்டல் சாப்பாடு என்று வந்ததும் கால் பின்னுகிறது. அதிலும் ஞாயிறு ராத்திரிக் காட்சிக்குத் தனியாகப் போக இருந்த மனது, சனி ராத்திரிக் காட்சிக்கு அந்த அளவு இல்லை. காரணம், சனிக்கிழமை கூட்டம் அதிகம். காபிக் கடைக்குத் தனியாகப் போவதென்றால் கையில் படிக்க ஏதாவது இருந்தால் தேவலை என்றார்கள். படிக்கிற ஆசையால் அல்ல என்பது என் ஊகம். 'சும்மா உட்காரவில்லை, வேலையாக இருக்கிறேன்' என்று அடுத்த மேஜைக்குக் காட்டிக்கொள்ளத்தான்.

அந்த ஆய்வில் இன்னொரு சோதனை உண்டு. ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குத் தனியாக வந்தவர்களையும் ஜோடியாக வந்தவர்களையும் நிறுத்தி, பக்கத்திலிருந்த ஓவியக்கூடத்துக்குள் போனால் எவ்வளவு ரசிப்பீர்கள் என்று கேட்டார்கள். தனியாக வந்தவர்கள் எதிர்பார்ப்பைக் குறைத்தே சொன்னார்கள். உள்ளே போய்ச் சில நிமிடங்கள் சுற்றிவிட்டு வந்ததும் மறுபடி கேட்டால், இரண்டு தரப்பும் ரசித்ததில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. ரசிப்பதில் துணையில்லாதவர்கள் எதையும் இழக்கவில்லை. வாசலில் நின்று போட்ட மதிப்பீடுதான் தப்பு. ஆனால் நிஜ வாழ்க்கையில் அந்த மதிப்பீட்டை நம்பித்தான் பலரும் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள் என்ற நினைப்பையும் அளந்திருக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச் குழுவினர் ஒரு பாடகரின் பெரிய படம் போட்ட, மாணவர்கள் போட்டுக்கொள்ளக் கூசும் டி-ஷர்ட் ஒன்றைக் கொடுத்து அவர்களை அறைக்குள் அனுப்பினார்கள். உள்ளே இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டுக்கொண்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் நான்கில் ஒருவர்தான். இது 2000-இல் வெளியான ஆய்வு.

ஆனால் இதை அப்படியே நம்மூர்ப் பெண்களிடம் நீட்டி, 'யாரும் பார்க்க மாட்டார்கள், போய்வாருங்கள்' என்று சொன்னால் அது அறிவியல் அல்ல, அறியாமை. ராத்திரி பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கும் பெண்ணை முறைத்துப் பார்ப்பவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். தனி ஆளுக்கு ரூம் இல்லை என்று கைவிரிக்கும் லாட்ஜுகளும் இருக்கின்றன, ஆண்களுக்கும்கூட. கூச்சம் வேறு, பாதுகாப்பு வேறு. கூச்சம் பழகப் பழகப் போகும். பாதுகாப்புக்கு ஏற்பாடுதான் வேண்டும்: வெளிச்சம் இருக்கும்போதே ஊர் போய்ச் சேரும் வண்டி, முன்பே பேசிவைத்த அறை, நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்த ஓர் ஆள்.

தனியாகப் போய்விட்டு வந்து, 'அப்படியொன்றும் குதூகலமாக இல்லையே' என்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யல்ல. யேல் பல்கலைக்கழகத்தின் எரிக்கா பூத்பி குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பக்கத்தில் இன்னொருவரும் அதே நேரத்தில் அதே சாக்லேட்டைத் தின்றபோது அது கூடுதலாக ருசித்தது. கசப்புச் சாக்லேட்டைக் கொடுத்தபோதோ அது இன்னும் மோசமாகப் பட்டது. இத்தனைக்கும் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. துணை என்பது ஒலிபெருக்கி மாதிரி, பாட்டையும் கூட்டும், இரைச்சலையும் கூட்டும். குடும்பத்தோடு சீசனில் ஊட்டி போய்வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

துணையில்லாதபோது உணர்ச்சியின் உரப்பே குறைகிறது. துய்-வி நுயென் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பதினைந்து நிமிடம் தனியாக உட்காரவைத்தாலே உற்சாகமும் இறங்குகிறது, பதற்றமும் கோபமும் இறங்குகின்றன. விரும்பித் தனித்திருந்தவர்களுக்கு அந்த இடத்தில் நிதானம் வந்தது. ஆகவே தனிப்பயணத்தில் பிக்னிக் கொண்டாட்டத்தைத் தேடுகிறவர் ஏமாறத்தான் செய்வார். அங்கே கிடைப்பது வேறு சரக்கு. தஞ்சைப் பெரிய கோயில் பிராகாரத்தில் ஒரு சாயங்காலம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். "போலாமா?" என்று கேட்க ஆள் இல்லை. தனியாகப் போகப் பழகுவது என்பதில் பெரும்பகுதி, இந்த நிதானத்தையும் சந்தோஷம் என்று ஒப்புக்கொள்ளப் பழகுவதுதான்.

வழி தெரிவதிலும் ஒரு லாபம் இருக்கலாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஹியூகோ ஸ்பியர்ஸ் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வழியைத் தாமே யோசித்துத் தேடியபோது, புதுத் தெருவில் நுழையும்போதெல்லாம் மூளையில் நினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதி சுறுசுறுப்பானது. வழிகாட்டும் கருவி சொன்னபடி போனபோதோ அது பேசாமல் கிடந்தது. கூட்டமாகப் போகும்போது ஒருவர் வழி பார்ப்பார், மற்றவர்கள் அவர் முதுகைப் பார்த்து நடப்பார்கள். அப்படிப் போனவர்களுக்கு ஊரின் தெருக்கள் ஏன் நினைவில் நிற்பதில்லை என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பேச ஆளில்லையே என்ற கவலை வேண்டாம். சிகாகோவில் ரயிலில் அந்நியரிடம் பேசினால் பயணம் கசக்கும் என்று பயணிகள் நினைத்தார்கள். ஆனால் பேசியவர்கள்தான் பயணம் நன்றாக இருந்தது என்றார்கள் என்கிறது நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் ஆகியோரின் 2014 ஆய்வு. நம் ரயிலில், முன்பதிவில்லாப் பெட்டியில் உட்கார்ந்த அஞ்சு நிமிஷத்தில் "எந்த ஊருங்க?" வந்துவிடும்.

உண்மையில் கஷ்டமானது முதல் ராத்திரி. மாசாகோ தமாகி, யுகா சசாகி ஆகியோர் பிரௌன் பல்கலைக்கழகத்தில் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பழக்கமில்லாத இடத்தில் முதல் ராத்திரி நம் மூளை முழுதாகத் தூங்குவதில்லை. ஆழ்ந்த தூக்கத்திலும் இடது பாதி கொஞ்சம் காவல் காக்கிறது. அந்தப் பாதிக்குப் போய்ச் சேரும்படி வலது காதில் சத்தம் கேட்டால் ஆள் சட்டென்று விழித்துக்கொள்கிறார். அடுத்த முறை அதே இடத்தில் தூங்கியபோது இந்த ஏற்றத்தாழ்வு இல்லை. தூக்க ஆய்வுக்கூடங்களில் முதல் ராத்திரிப் பதிவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது பழைய வழக்கம்.

எனவே முதல்முறை தனியாகக் கிளம்புகிறவர்கள் மூன்று நாளில் மூன்று ஊர் என்று அலைய வேண்டாம். ஒரே ஊரில், ஒரே அறையில் இரண்டு ராத்திரி தங்குங்கள். தூக்கமில்லாத முதல் ராத்திரி விடிந்ததும் திரும்பி வர டிக்கெட் தேடாதீர்கள்.