இழுத்த மருந்து எங்கே போகிறது?

தோ பாயோவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா மன்றத்தில் கேட்ட கேள்வி இது: “ஆஸ்துமாவுக்குப் பொடி மருந்து உறிஞ்சுகிறேன். நாக்கில் லேசாக இனிக்கிறது. மருந்து வாயிலேயே தங்கிவிட்டதா? நெஞ்சுக்குப் போகவே இல்லையா?”

பதிலில் பாதி நம் வீட்டிலேயே இருக்கிறது. கோலமாவை விரலிடுக்கில் எடுத்தால் கோடாக வழியும். மைதாவை எடுத்துப் பாருங்கள், கட்டி கட்டியாக விழும். துகளின் விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடுகிறது. ஆனால் துகளோடு துகளை ஒட்டவைக்கும் வான் டெர் வால்ஸ் விசை பத்தில் ஒன்றாகத்தான் குறைகிறது. அதனால்தான் நுண்ணிய பொடிக்கு ஒட்டும் குணம் அதிகம்.

நுரையீரலுக்குள் போகும் மருந்துத் துகள் 1 முதல் 5 மைக்ரோமீட்டர் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதானால் தொண்டை வளைவில் மோதி நின்றுவிடும். மைதாவைவிட நுண்ணிய இந்தப் பொடி தனியாக வழியாது. எனவே கோலமாவு போன்ற பெரிய பால்சர்க்கரைத் துகள்களின் முதுகில் அதை ஏற்றி அனுப்புகிறார்கள். அம்மாவின் நாக்கில் இனித்தது அந்த வண்டிதான். வண்டி வாயில் தங்குவது முறையே. பயணி இறங்கினாரா என்பதுதான் கேள்வி.

இறக்கிவிடுவது உங்கள் மூச்சு. வாயு அழுத்தத்தால் பீய்ச்சும் குப்பியைப் போல் இதில் வேறு உந்துதல் கிடையாது. 1960களில் ரோஜர் அல்டூன்யன் என்ற மருத்துவர் உருவாக்கிய ஸ்பின்ஹேலரில், மூச்சை இழுத்ததும் ஒரு சின்ன விசிறி சுழன்று பொடியைச் சிதறடித்தது. அவர் போர்க்கால விமானி. அவருக்கே ஆஸ்துமா இருந்தது. விமானத்தின் சுழல்விசிறியிலிருந்து யோசனை பிறந்ததாம்!

கருவிக்குள் நடப்பது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும், பார்க்கவும் முடியாது. இங்கேதான் கணினி வருகிறது. 1979ல் கண்டால், ஸ்டிராக் என்ற இருவர் மண், கல் குவியல்களை ஆராய ஒரு கணக்கு முறையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு துகளும் ஒரு பந்து. இரண்டு பந்துகள் தொட்டால் நடுவில் ஒரு வில்சுருள் இருப்பதாக வைத்துக்கொண்டு, நியூட்டன் விதிப்படி அடுத்த நொடித்துணுக்கில் அவை எங்கே இருக்கும் என்று கணக்கிடுவார்கள். பிறகு அடுத்த துணுக்கு, அதற்கடுத்தது. 1993ல் ஜப்பானில் சுஜியும் அவருடைய சகாக்களும் இதனுடன் காற்றோட்டக் கணக்கையும் இணைத்தார்கள். மருந்துப் பொடிக்கு ஒட்டும் விசையையும் சேர்க்க வேண்டும்.

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. 3 மைக்ரோமீட்டர் துகள் என்றால் ஒரே மில்லிகிராமில் 40 மில்லியனுக்கும் மேல். எல்லாவற்றையும் கணக்கிட முடியாமல் ஒரு சிறு கட்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்படியும் பலன் கிடைத்திருக்கிறது. சிட்னியின் இரு பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் செய்த கணக்குகளில், கட்டி உடைவதற்குக் காற்றின் உரசலைவிடச் சுவரில் மோதுவதே முக்கியக் காரணம் என்று தெரிந்தது. சிட்னியிலேயே 2004ல் ஏரோலைசர் என்ற கருவியை ஆராய்ந்தபோது, உள்ளே இருக்கும் சிறு வலையின் இடைவெளியைப் பெரிதாக்கினால் வாய்க்குழாயில் படிந்து வீணாகும் மருந்து கூடுவதைக் கண்டார்கள். வாய்க்குழாயின் நீளமோ பெரிய வித்தியாசம் செய்யவில்லை. ஒவ்வொரு வடிவத்தையும் செய்து பார்த்துத்தான் இதை அறிய வேண்டும் என்றால் எத்தனை அச்சுகள் வார்க்க வேண்டியிருக்கும்!

ஆனால் ஒன்று. பல கணக்குகளில் காற்று நிமிடத்துக்கு 60 லிட்டர் அல்லது அதற்கும் மேலாகச் சீராகப் பாய்வதாக வைத்துக்கொள்கிறார்கள். எழுபது வயதில், இழுப்பு வந்து திணறுபவரிடம் அந்த வேகத்தை எதிர்பார்க்கலாமா? 2013 ஜூன் 21ல் புகைமூட்டக் குறியீடு 401ஐத் தொட்ட நாளை நினைத்துப் பாருங்கள். மருந்து மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் மூச்சு மிகவும் பலவீனமாக இருக்கிறது. அந்தப் பலவீனமான மூச்சைத்தான் முதலில் கணினிக்குள் போட வேண்டும் என்பது என் கருத்து.

நம் ஊர் ஈரப்பதமும் சும்மா இருப்பதில்லை. ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். ஈரம் துகள்களுக்கு நடுவே பாலம் போட்டு இறுக்கிவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் நடப்பதேதான். எனவே கருவியைக் குளியலறையிலும் அடுப்பருகிலும் வைக்காதீர்கள். மூச்சை முதலில் வெளியே விடுங்கள், கருவிக்குள் ஊதிவிடாதீர்கள். பிறகு உதட்டால் இறுக மூடி, தொடக்கத்திலிருந்தே வேகமாகவும் ஆழமாகவும் இழுங்கள். பீய்ச்சும் குப்பிக்கு மெதுவாக இழுக்க வேண்டும், இதற்கு நேர்மாறு. இரண்டும் வைத்திருப்பவர்கள் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். பத்து வினாடி மூச்சை அடக்குங்கள். ஸ்டீராய்டு மருந்தென்றால் வாயைக் கொப்பளியுங்கள்.

வேகமாக இழுக்க முடியவில்லை என்றால் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது கருவியையும் எடுத்துச் சென்று, மருந்தாளர் முன் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். உங்கள் மூச்சுக்கு ஏற்ற வேறு கருவிகள் இருக்கின்றன.