பேசின் வேஸ்ட்: வாங்குவதும் பூட்டுவதும் முறையிடுவதும்

பேசினின் அடித்துளையில் பூட்டப்படும், அழுத்தினால் மூடி மறுபடி அழுத்தினால் திறக்கும் பொப்-அப் வேஸ்ட் இரண்டு வகைப்படும்: உடலின் பக்கத்தில் துளை உள்ளது, துளை இல்லாதது. பல ஒழுக்குகள் இவற்றை மாற்றி வாங்குவதில் தொடங்குகின்றன. பேசினின் மேல்விளிம்புக்குக் கீழே மிகைநீர் இறங்கும் ஓட்டை இருந்தால் துளையுள்ள வேஸ்ட்டே பொருந்தும். துளையில்லாததைப் பூட்டினால் அந்த ஓட்டை வழியே இறங்கும் நீர் பீங்கானுக்குள் தேங்கி நாறும். குழாய் திறந்தபடி கிடந்தால் தரைக்கு வழியும். ஓட்டையில்லாத பேசினில் துளையுள்ளதைப் பூட்டினாலோ நீர் மரை வழியே கசிந்து நட்டடியில் சொட்டும்.

உவர்மலை, உப்புவெளி, நிலாவெளி போன்ற கடலோர இடங்களில் உப்புக்காற்று மெல்லிய முலாமைச் சீக்கிரமே அரித்துவிடும். பித்தளை வேஸ்ட் விலை கூடினாலும் அங்கே அதுவே தகும்.

ரப்பர் வாசரைப் பீங்கானில் சீராக அமர்த்தி, நட்டைக் கையால் இறுக்கியபின் சாவியால் சற்றே திருப்பினால் போதும். மிஞ்சி முறுக்கினால் பீங்கான் வெடிக்கும். கூலி கொடுக்குமுன் பேசினை மூடி, மிகைநீர் ஓட்டைவரை நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிட வேண்டும். நட்டைச் சுற்றி ஒற்றிய காய்ந்த டிஷ்யூ நனையாவிட்டால் வேலை சரி.

பேசினில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பும் பெருகலாம். 2017இல் கிண்ணியாவை டெங்கு கடுமையாகத் தாக்கியது. ஆளில்லாத வீட்டிலும் பருவமழைக் காலத்தில் பூட்டிக்கிடக்கும் விடுதி அறையிலும் வேஸ்ட்டை மூடி நீர் தேங்கவிடுவது ஆபத்து. நுளம்பு பெருக இடங்கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமுமாகும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை. பணம் வாங்கிச் செய்யும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதமும், வாயால் சொல்லாவிட்டாலும், உண்டு. பித்தளை என்று சொல்லி வேறொன்றை விற்றால் அதிகாரசபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். விசாரித்தபின் பொருளை மாற்றவோ பணத்தைத் திருப்பவோ நட்டஈடு கொடுக்கவோ அது உத்தரவிடலாம். தகவலுக்கு 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். பற்றுச்சீட்டு, கழற்றிய வேஸ்ட், ஒழுக்கின் படம் மூன்றையும் எறியாமல் வைத்திருப்பது அவசியம். கூலி தொடர்பான சிறு பிணக்கை, வழக்குக்குப் போகாமல், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையிலும் பேசித் தீர்க்கலாம்.