தூரத்துக் கல்லூரி – 6: தூக்க முடிந்ததை மட்டும்

கலந்தாய்வு, இடத்தை உறுதிசெய்வது, முதல் பருவக் கட்டணம் ஆகியவற்றைச் சென்ற வாரம் பார்த்தோம். இடம் கிடைத்தாயிற்று. இனி பெட்டி கட்ட வேண்டும். கரக்பூர் ஐஐடியோ, ரூர்கேலா என்ஐடியோ, டெல்லிப் பல்கலைக்கழகமோ, எதுவானாலும் முன்பின் பார்த்திராத ஊர், பழகாத மொழி. ‘பிள்ளைக்கு அங்கே எதுவும் கிடைக்காமல் போய்விட்டால்?’ என்ற பயத்தில்தான் பல வீடுகளில் பெட்டி நிரம்புகிறது.

கல்லூரி திறக்கும் மாதங்களில் இரவு ஒன்பது மணிக்குச் சென்னை சென்ட்ரலுக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பத்து மணிக்குக் கிளம்பும். டெல்லிக்கு இரண்டு இரவு, ஒரு பகல் பயணம். சுருட்டிக் கட்டிய மெத்தை, அதன்மேல் வாளி, வாளிக்குள் குக்கர், இரண்டு சூட்கேஸ், கட்டைப்பை நிறையப் பொடியும் ஊறுகாயும். அப்படி ஒரு குவியலுக்குப் பக்கத்தில் நின்ற மாணவி தன் அம்மாவிடம் கேட்டாள்: “இதையெல்லாம் யாரும்மா தூக்குறது?”

“அதான் அப்பாவும் நானும் வர்றோமே.”

“சரிம்மா, லீவுக்கு நான் மட்டும் வர்றப்போ?”

அம்மாவிடம் பதில் இல்லை. பெட்டி கட்டும்போதே எல்லா வீடுகளிலும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

மூவர் போகலாம், ஒருவர்தான் திரும்புவார்

ரயிலில் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஒருவருக்கு 40 கிலோ வரை கட்டணமில்லை. இரண்டாம் வகுப்பில் 35 கிலோ. அப்பா, அம்மா, பிள்ளை என்று மூன்று பேர் படுக்கை வகுப்பில் போனால் 120 கிலோ வரை கொண்டுபோகலாம். விதிப்படி அது சரிதான். ஆனால் திரும்பி வரும்போது பிள்ளையிடம் இருப்பது ஒரே ஒரு டிக்கெட், இரண்டே கைகள். விமானம் என்றால் இன்னும் நெருக்கடி. உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும்தான்.

ஆகவே ஒரு சோதனை செய்யுங்கள். கட்டி முடித்த மூட்டைகளைப் பிள்ளையே ஒரே நடையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கட்டும். முடியவில்லையா? பிரித்துக் குறையுங்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்ற முடிவும் பிள்ளையுடையதாகவே இருக்கட்டும்.

மெத்தை, தலையணை, வாளி, ஹேங்கர், ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த கனமான போர்வை) எல்லாம் கல்லூரி இருக்கும் ஊரிலேயே கிடைக்கும். டெல்லிக் குளிருக்கு நம்மூர்ப் போர்வை காணாது. அங்கே விற்கும் ரஜாயே அதற்கு ஏற்றது. கரக்பூர் வளாகம் சுமார் 2,100 ஏக்கர். அங்கே சைக்கிள் இல்லாமல் நாள் ஓடாது. அதற்காக வீட்டுச் சைக்கிளைக் கழற்றிக் கட்ட வேண்டியதில்லை. படிப்பு முடித்துப் போகிறவர்கள் சைக்கிளையும் வாளியையும் மெத்தையையும் குறைந்த விலைக்கு விட்டுப்போவது பெரிய விடுதிகளில் வழக்கம்.

கொண்டுபோக வேண்டியவை குறைவுதான்: மாற்றுத் துணிகள், ஒரு விரிப்பு, துண்டு, தட்டு, டம்ளர், நல்ல பூட்டு ஒன்று, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளும் மருத்துவர் சீட்டும். பொடி வகைகள் கெடாது, எடையும் குறைவு. தேங்காய் எண்ணெய் வைப்பதானால் அகன்ற வாய் டப்பாவில் வையுங்கள். வடக்கின் குளிரில் அது கட்டியாக உறைந்துவிடும், குறுகிய வாய் பாட்டிலிலிருந்து எடுக்க முடியாது.

பிரேக் வேனில் அனுப்பும்போது

இத்தனைக்குப் பிறகும் பெரிய மூட்டை மிஞ்சினால், அதே ரயிலில் பார்சல் ஏற்றும் பெட்டியான பிரேக் வேனில் லக்கேஜாகப் பதிவு செய்யலாம். ரயில் கிளம்ப அரை மணி நேரத்துக்கு முன்பாவது லக்கேஜ் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது. டிக்கெட்டைக் காட்டி, எடை போட்டு, பணம் கட்டி, ரசீது வாங்க வேண்டும். ஒவ்வொரு மூட்டைமீதும் பெயர், முகவரி, புறப்படும் நிலையம், இறங்கும் நிலையம் ஆகியவற்றை அழியாத மையில் எழுதுங்கள். மேலே ஒட்டியது கிழிந்தாலும் உதவும்படி, அதே விவரங்களை எழுதிய தாள் ஒன்றை உள்ளேயும் போடுங்கள்.

இறங்கும் நிலையத்தில் ரயில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை முதலிலேயே கேளுங்கள். ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக நிற்கும் இடங்களில் பொதுவாகப் பார்சல் ஏற்றி இறக்குவதில்லை. இது தெரியாமல் போனால் பிள்ளை ஓர் ஊரிலும் மூட்டை வேறோர் ஊரிலும் இறங்க நேரும்.

இன்னொன்று முக்கியம். மதிப்பை அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாத லக்கேஜ் தொலைந்தால், ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 100 ரூபாய் வரைதான். பத்துக் கிலோ பெட்டிக்கு அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். எனவே லேப்டாப்பை அதில் வைக்கவே கூடாது. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், புகைப்படங்கள் ஆகியவை தோளில் மாட்டும் பையில், இரவில் தலைமாட்டில் இருக்கட்டும். நகல்கள் வேறொரு பெட்டியில் இருக்கட்டும்.

ஒவ்வொரு மே மாதமும்

மூட்டைக் கவலை முதல் பயணத்தோடு முடிவதில்லை. கோடை விடுமுறையில் அறையைக் காலி செய்யச் சொல்லும் விடுதிகள் பல. பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைக்கு அப்பா வண்டியோடு வந்துவிடுவார். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிள்ளை என்ன செய்யும்? எல்லாவற்றையும் சுமந்து வந்து ஜூலையில் மறுபடி சுமக்க வேண்டும், அல்லது வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். கட்டணத்துக்கே கடன் வாங்கிய குடும்பத்துக்கு இது ஆண்டுதோறும் விழும் அடி.

ஊருக்கு வந்துபோக ரயில்வே மாணவர் சலுகை உண்டு. இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்புக் கட்டணத்தில் பொதுப் பிரிவினருக்குப் பாதியும் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு முக்கால் பங்கும் குறையும். அதற்கான படிவத்தைக் கல்லூரிதான் தர வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பொருளை வைத்துவிட்டுப் போக இடம்? அதைத் தர வேண்டியது கல்லூரிகள்தாம். ஒவ்வொரு விடுதியிலும் பூட்டக்கூடிய ஓர் அறை, வைக்கும் பொருளுக்கு ஒரு ரசீது, பொறுப்பாக ஓர் ஊழியர் இருந்தால் போதும். பெரிய செலவில்லை. வெளிமாநில மாணவர்களைச் சேர்ப்பதில் பெருமைப்படும் நிறுவனங்கள் இதைச் செய்தே ஆக வேண்டும். அங்கே ஏற்கெனவே படிக்கும் தமிழ் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நீங்கள் விட்டுப்போகும் வாளியும் மெத்தையும் யாருக்குத் தேவைப்படும் என்று புதிதாகச் சேருகிறவர்களை முன்கூட்டியே கேளுங்கள். ஒரு குடும்பம் அவ்வளவு சுமையை ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வராமல் இருக்கும்.

அடுத்த வாரம்: விடுதிச் சாப்பாடு.

(தொடரும்)